துணைக்கு நிற்பவர் யாருடைய ஆள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய ஆங்கில நாவல்களில் மணமாகாத பெண் எங்கே கிளம்பினாலும் கூடவே ஒரு அத்தையோ விதவையோ ‘ஷேப்பரோன்’ என்று வருகிறார். அந்த வழக்கம் எப்படி ஒழிந்தது? மருத்துவமனைகளில் இப்போது அதே பெயரில் ஒருவரை நிற்க வைக்கிறார்களே, அவருக்கு என்ன வேலை? கணவரோ அம்மாவோ நின்றால் போதாதா?

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் மேல்தட்டுக் குடும்பங்களில் அந்த அம்மாள் குடும்பத்தின் ஆள். நடன அரங்கில் ஓரமாக உட்கார்ந்து, பெண் யாரோடு ஆடுகிறாள், ஒரே ஆளோடு எத்தனை முறை ஆடுகிறாள் என்று பார்த்துக்கொண்டிருப்பார். தகுந்த வரனை அறிமுகம் செய்வதும் அவர் பொறுப்புதான். 1885இல் இன்றைய வடிவத்துக்கு முன்னோடியான ரோவர் சைக்கிள் வந்தது, 1888இல் டன்லப்பின் காற்றடைத்த டயர். 1890களில் பெண்கள் மிதித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள், கூடவே போவது சிரமமாகிவிட்டது. முதல் உலகப்போரில் பெண்கள் பெருமளவில் வேலைக்குப் போனதும் வழக்கம் அநேகமாக உதிர்ந்தது.

மருத்துவமனையில் நிற்பவர் நோயாளிக்காக நிற்கிறார். அவர் கண் இருக்க வேண்டியது மருத்துவர் மேல். நோயாளி மேல் அல்ல. அந்தரங்க உறுப்புகளைப் பரிசோதிக்கும்போது பயிற்சி பெற்ற, நடுநிலையான ஒருவர் உடனிருக்க வேண்டுமா என்று நோயாளியிடம் கேட்க வேண்டும் என்பது பிரிட்டன் மருத்துவக் கவுன்சிலின் வழிகாட்டுதல். கணவரும் அம்மாவும் ஆறுதலுக்கு இருக்கலாம். ஆனால் பரிசோதனை எப்படி நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது, வரம்பு மீறினால் அடையாளம் காண முடியாது. அவர்கள் எதிரில் நோயாளி சில கேள்விகளுக்கு வாய் திறக்காமலும் போகலாம்.

பெரும்பாலும் கோளாறு நடப்பது நிற்கும் இடத்தில். திரைக்கு வெளியே நின்று போன் பார்ப்பவரால் பயனில்லை. மருத்துவரின் கைகள் தெரியும்படி திரைக்கு உள்ளே, நோயாளியின் தலைமாட்டுப் பக்கம் நிற்பது நல்லது. பரிசோதனை தொடங்குமுன் வந்துவிட வேண்டும், பாதியில் கூப்பிட்டால் முந்தைய பாதிக்குச் சாட்சி இல்லை. முடியும்வரை நகரக்கூடாது. ‘வலிக்கிறது, நிறுத்துங்கள்’ என்று நோயாளி சொல்லியும் மருத்துவரின் கை நிற்கவில்லை என்றால் துணைக்கு நிற்பவர் குரல் கொடுக்க வேண்டும். இளைய நர்ஸ்களுக்கு மூத்த மருத்துவரிடம் அது எளிதில் வராது, அதனால்தான் பயிற்சி.

துணை வேண்டாம் என்று சொல்ல நோயாளிக்கு உரிமை உண்டு. மருத்துவருக்கு அது சரிப்படாவிட்டால், சிகிச்சை தாமதமாகாதபடி வேறொருவரிடம் அனுப்பலாம். நின்றவர் பெயரும், வேண்டாம் என்றதும் குறிப்பேட்டில் ஏற வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது: நேரம் குறிக்கும்போதே ‘துணைக்கு ஆள் வேண்டும், பெண்ணாக இருக்கட்டும்’ என்று சொல்லிவிடுங்கள். மேசையில் ஏறியபின் கேட்டால் கையில் கிடைத்தவரைத்தான் அனுப்புவார்கள்.