இசைக்கருவிக் கடையில் விற்பனையாளர் வேலை எப்படி இருக்கும்? அதற்கு இசை தெரிந்திருக்க வேண்டுமா?

சென்னையில் ஓர் இசைக்கருவிக் கடையில் பல ஆண்டுகளாக விற்பனையாளராக இருக்கிறேன். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். கச்சேரி செய்கிற அளவுக்கு இசை தெரிய வேண்டியதில்லை. ஆனால் காது வேண்டும். கடையில் இருக்கிற கருவிகளைச் சுருதி சேர்க்கவும், ஒவ்வொன்றிலும் ஸரிகமபதநிஸ வாசித்துக் காட்டவும் பழகிக்கொண்டால் போதும். மிக நன்றாக வாசிக்கத் தெரிந்த சிலர் இந்த வேலைக்குப் பொருந்தாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். எட்டு வயதுப் பிள்ளை கிட்டார் பார்க்க வந்திருக்கும். இவர்கள் தங்கள் விரல் வேகத்தையெல்லாம் காட்டுவார்கள். பிள்ளை கருவியைத் தொடவே கூசி, அம்மாவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும்.

வித்வான்கள் நாள்தோறும் வந்து போகும் இடம் என்று நினைத்துக்கொண்டு இந்த வேலைக்கு வராதீர்கள். நாதஸ்வரக் கலைஞர் தஞ்சாவூர் மாவட்டத்து நரசிங்கன்பேட்டைக்குப் போய்ச் செய்பவரிடமே உட்கார்ந்து ஆச்சா மரத்தில் சொல்லிச் செய்துகொள்வார். அந்த ஊர் நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கலைஞர்கள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறார்கள். மிருதங்க வித்வானுக்கு மூட்டு, அதாவது இரு பக்கத் தோல், கட்டித் தரவென்று நம்பகமான ஒருவர் இருப்பார். வீணைக்குத் தஞ்சாவூர் இருக்கிறது. இவர்கள் எங்களிடம் வருவது தந்தி, வயலின் வில்லில் தடவும் பிசினான ரோசின், சுருதிப் பெட்டி, உறை போன்றவற்றுக்காகத்தான். கருவியே வாங்க வருகிறவர் பெரும்பாலும் அதை இதுவரை கையில் எடுத்துப் பார்க்காதவர். எது நல்லது, எது மோசம் என்று அறிய அவருக்கு வழியில்லை. நாம் எடுத்துக் கொடுப்பதுதான் அவருக்கு இசை.

இந்த வேலையின் பாரம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். ஒரு பிள்ளை மூன்று மாதத்தில் வகுப்பை விட்டுவிட்டால் வீட்டில் என்ன சொல்கிறார்கள்? 'அவனுக்கு இசை வரவில்லை' என்கிறார்கள். பல நேரங்களில் வராதது இசை அல்ல, கருவி சரியாக இல்லை. கிட்டாரையே எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டிகளை ஃப்ரெட் என்போம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே இரண்டரை, மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் விரல் தாங்கும். மலிவான கிட்டார்களில் இது ஐந்து மில்லிமீட்டர் வரைகூடப் போகும். அந்த உயரத்தில் ஸ்டீல் தந்தியை அழுத்தினால் பெரியவர்களுக்கே விரல் நுனி எரியும். கடையில் உட்கார்ந்து தந்திகளைத் தாங்கும் சேடில் துண்டைக் கொஞ்சம் தேய்த்து, கழுத்துக்குள் இருக்கும் கம்பியைத் திருகிச் சரிசெய்தால் பெரும்பாலான கிட்டார்களை வாசிக்கத் தக்கதாக ஆக்கிவிடலாம். அந்த அரைமணி நேரத்தைச் செலவிடாமல் பெட்டியோடு தூக்கிக் கொடுப்பதை என்னால் ஏற்க முடிவதில்லை. சின்னக் குழந்தை என்றால் நைலான் தந்தி போட்ட கிளாசிக்கல் கிட்டாரைக் காட்டுவேன். அப்போதே ஒன்றை அழுத்திச் சொல்லி அனுப்புவேன்: ஒலி பெரிதாகக் கேட்கட்டும் என்று பின்னாளில் அதில் ஸ்டீல் தந்தி மாட்டிவிடாதீர்கள். நைலான் தந்திகள் ஆறும் சேர்ந்து இழுப்பது சுமார் 40 கிலோ. ஸ்டீல் தந்திகள் 70 கிலோவுக்கும் மேல் இழுக்கும். தந்திகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் பெயர்ந்து வந்துவிடும்.

வயலினில் அளவுதான் முக்கியம். பிள்ளையின் இடது கையை நீட்டச் சொல்லி வயலினைத் தோளில் வைத்தால் அதன் சுருள்முனை உள்ளங்கைக்கு வர வேண்டும். அதற்கேற்ப அரை, முக்கால், முழு அளவு என்று பார்ப்போம். 'வளர்கிற பிள்ளைதானே, முழு அளவே கொடுங்கள்' என்று பெற்றோர் கேட்பார்கள். பணத்தை எண்ணிப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் கை எட்டாத வயலினில் ஸ்வரஸ்தானம் நிற்காது. கர்நாடக இசைக்குத் தரையில் அமர்ந்து, சுருள்முனையைக் கணுக்காலில் தாங்கி வாசிக்கிறோம் என்பதால் அளவு கூடினால் உட்காரும் வாகும் கெட்டுப்போகும். இணையத்தில் வாங்கிய வயலினைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. 'சத்தமே வரவில்லை, பழுது' என்பார்கள். பார்த்தால் புது வில்லில் ரோசினே தடவியிருக்க மாட்டார்கள். குதிரைமுடி தந்தியில் வழுக்கிக்கொண்டு போகும். சிலவற்றில் பிரிட்ஜ் படுத்துக் கிடக்கும், உள்ளே நிற்க வேண்டிய சிறு குச்சி விழுந்து உருண்டுகொண்டிருக்கும். எங்களிடம் வாங்காதவர்தானே என்று ஒருபோதும் திருப்பி அனுப்பியதில்லை. அந்த வயலினுக்குப் பின்னால் ஒரு குழந்தை இருக்கிறது.

கீபோர்டு விற்கும்போது நான் கேட்கும் முதல் கேள்வி, 'பியானோ தேர்வா, கீபோர்டு தேர்வா?' என்பது. டிரினிட்டி காலேஜ் லண்டன் நடத்தும் தேர்வுகளில் இரண்டுக்கும் பாடத்திட்டம் வேறு. கீபோர்டுக்கு 61 கட்டைகள் போதும், கூடவே தாளமும் துணை இசையும் கருவியே தரும். பியானோ கற்பவருக்கு 88 கட்டைகள் வேண்டும், அவை அழுத்தத்தில் கனமாகவும் இருக்க வேண்டும். 61 கட்டையில் பழகிய பிள்ளையைப் பியானோ முன் உட்கார வைத்தால் விரல் தடுமாறும். இந்த வேறுபாட்டை வகுப்பில் சேர்க்கிற நாளில் பெற்றோருக்கு யாரும் சொல்வதில்லை. கடையில்தான் முதன்முதலாகக் கேட்கிறார்கள்.

புல்லாங்குழலிலும் மிருதங்கத்திலும் எதையும் எடுத்துக் காட்டுவதற்கு முன் ஆசிரியரைத் தொலைபேசியில் அழைத்துத் தரச் சொல்லிவிடுவேன். கர்நாடகப் புல்லாங்குழலுக்கு விரல் துளை எட்டு. இந்துஸ்தானிக் குழலில் ஆறு அல்லது ஏழு. எத்தனை கட்டை, அதாவது எந்தச் சுருதி, என்பதும் ஆசிரியர் சொல்ல வேண்டியது. ஒரு கட்டைக் குழலின் துளைகளைச் சின்ன விரல்களால் மூடவே முடியாது. மிருதங்கத்தின் நீளம் தக்கு எனும் தாழ்ந்த சுருதிக்கு ஏறத்தாழ 24 அங்குலம், ஹெச்சு எனும் உயர்ந்த சுருதிக்கு 22 அங்குலம். தெரியாமல் மாற்றி வாங்கிப் போனால், ஐந்து கட்டையில் பாடும் பெண்ணுக்கு வாசிக்கத் தக்கு மிருதங்கத்தை ஏற்றப் பார்த்துத் தோல் கிழிந்துவிடும். அழைப்பை எடுக்கும் ஆசிரியர்கள் பொறுமையாகத்தான் பேசுவார்கள். இதுவரை யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

விற்றதோடு வேலை முடியாது. வீணையில் ஸ்வரம் பிடிக்கும் உலோகப் பட்டிகளான 24 மெட்டுகளும் மெழுகில் பதிந்திருப்பவை. சித்திரை வெயிலில் காருக்குள் விட்டுவிட்டுப் போனால் மெழுகு இளகி மெட்டு நகர்ந்துவிடும். பிறகு மேளம் கட்ட, அதாவது மெட்டுகளை மறுபடி மெழுகில் பதிக்க, ஆள் தேட வேண்டும். ஐப்பசி மழையில் தோல் கருவிகள் எல்லாம் தளர்ந்து சுருதி இறங்கும். கடற்கரைப் பக்கம் இருப்பவர்களின் கிட்டார் தந்தி சீக்கிரமே துருப்பிடிக்கும். இவற்றை ரசீது கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

சம்பளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரிதாக இருக்காது, சில இடங்களில் விற்பனைக்கு ஏற்ற ஊக்கத்தொகை உண்டு. நாள் முழுவதும் நிற்க வேண்டும். ஒரே நேரத்தில் ஒருவர் டிரம்ஸ் தட்ட, இன்னொருவர் கீபோர்டைச் சோதிக்க, மூன்றாமவர் ஆர்மோனியத்தின் துருத்தியை இழுக்க, மாலைக்குள் காது களைத்துவிடும். ஒரு மணி நேரம் கேள்வி கேட்டு, வாசித்துப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு போய் இணையத்தில் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அது வலிக்கும். விஜயதசமியை ஒட்டிய வாரத்தில் சாப்பிட நேரம் கிடைக்காது. கோடை விடுமுறைத் தொடக்கமும் மார்கழியும் அதற்கு அடுத்தபடி. கிறிஸ்துமஸுக்கு முன்னால் தேவாலயப் பாடகர் குழுக்கள் தந்திக்கும் கேபிளுக்கும் வருவார்கள்.

ஆனாலும் நான் இதில் நிலைத்திருப்பதற்கு அரை வயலின் வாங்கிய பிள்ளைகளே காரணம். அதைத் திருப்பிக் கொடுத்து முக்கால் வாங்க வருவார்கள். சில ஆண்டுகள் கழித்து முழு அளவுக்கு வருவார்கள். அப்போது அவர்களே சுருதி சேர்த்துப் பார்த்து, 'அண்ணா, இதில் பஞ்சமத் தந்தி சரியாக ஒலிக்கவில்லை, வேறு காட்டுங்கள்' என்பார்கள். அதைக் கேட்கிற மகிழ்ச்சி வேறு எந்த விற்பனை வேலையிலாவது கிடைக்குமா என்று எனக்குத் தோன்றவில்லை.

வேலை தேடுகிறீர்கள் என்றால் சென்னையில் கடைகளுக்குக் குறைவில்லை. 1842-இல் மிஸ்க்வித் என்ற பெயரில் தொடங்கிய மியூசி மியூசிக்கல் இன்றும் அண்ணா சாலையில் இருக்கிறது. மயிலாப்பூர்ப் பக்கம் சிறிய கடைகளும் உண்டு. எந்தக் கடையானாலும் நேர்காணலுக்குப் போகும்போது சுவரில் மாட்டியிருக்கும் கிட்டார் ஒன்றை மீட்டிப் பாருங்கள். சுருதி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். பழுது பார்க்கும் மேசை கடைக்குள்ளேயே இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டும் இருந்தால் சம்பளம் சற்றுக் குறைவானாலும் அங்கே சேருங்கள். புரட்டாசி தொடக்கத்தில் போய்க் கேளுங்கள். விஜயதசமிக் கூட்டத்துக்கு ஆள் தேவைப்படும் நேரம் அது.