டார்க் சைட் ஆஃப் த மூன் பிடிக்கவில்லை, என் ரசனையில்தான் கோளாறா?

மூன்று தடவை முயன்றும் பிரிட்டிஷ் ராக் குழுவான பிங்க் ஃப்ளாய்டின் இந்த ஆல்பம் மனதில் ஒட்டவில்லை, அடுத்து எதைக் கேட்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ரசனையில் கோளாறு ஒன்றும் இல்லை. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். போனில் ஷஃபிளில் போட்டு, பஸ்ஸில் போகும்போது கேட்டிருப்பீர்கள். அப்படியானால் நீங்கள் இன்னும் அதைக் கேட்கவே இல்லை. அதில் பிரெயின் டேமேஜ் என்ற பாட்டு முடிந்து எக்லிப்ஸ் என்ற பாட்டு தொடங்கும் இடத்தில் மூச்சுவிட இடைவெளி கிடையாது. நடுவில் ஒருவர் வந்து கடன் வேண்டுமா என்று விளம்பரம் படித்தால் எப்படி ஒட்டும்?

ஒழுங்காகக் கேட்டும் பிடிக்கவில்லை என்றால், சரி, என் கட்சிக்கு வாருங்கள். 1973இல் வந்த அந்த ஆல்பத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை, அதுதான் எனக்குக் குறை. இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருக்கும். மணி பாட்டு மட்டும் எனக்கு முதல் தடவையே பிடித்துப் போனது. கல்லாப்பெட்டிச் சத்தத்தை டேப்பில் வெட்டி ஒட்டித் தாளமாக்கியிருப்பார்கள், அதுவும் ஏழு எண்ணிக்கையில். மிஸ்ர சாபு தாளம் கேட்டு வளர்ந்த காதுக்கு அது அந்நியமாகவே தெரியாது. கிடார் தனி ஆவர்த்தனம் வரும்போது நாலுக்கு மாறிவிடுவார்கள். (எனக்குச் சங்கீதம் தெரியாது. விரல் விட்டு எண்ணித்தான் சொல்கிறேன். வித்வான்கள் சண்டைக்கு வர வேண்டாம்.)

நான் சொல்ல வந்தது அதே குழுவின் அடுத்த ஆல்பம், 1975இல் வந்த விஷ் யூ வேர் ஹியர் பற்றி. அதை நான் முதலில் கேட்ட கதை கொஞ்சம் அசிங்கமானது.

தொண்ணூறுகளில் கல்லூரியில் படித்தபோது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. சிக்ஸ்டி கேசட் (பக்கத்துக்கு முப்பது நிமிடம்) வாங்கிக் கொடுத்தால் நாலு நாளில் பதிந்து தருவார்கள். சீனியர் ஒருவர் சொன்னதைக் கேட்டு இந்த ஆல்பத்தைப் பதியக் கொடுத்தேன். வாங்கி வந்து ராத்திரி ஹாஸ்டலில் போட்டால், பாட ஆளே வரவில்லை. ஏறக்குறைய எட்டரை நிமிடம் கழித்துத்தான் ஒரு மனிதக் குரல். அதையும் பொறுத்துக்கொண்டேன். கேசட்டைத் திருப்பிப் போட்டேன். ஹேவ் எ சிகார் பாட்டு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. முடிகிற நேரத்தில் கிடார் திடீரென்று சுருங்கி, தகர டப்பாவுக்குள் போன மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் ரேடியோ ஸ்டேஷன் மாற்றும் கரகரப்பு, யாரோ பேசுகிறார்கள், நடுவில் ஏதோ மேற்கத்திய வாத்தியக் கோஷ்டி.

டேப் ரெக்கார்டர் ஹெட் அழுக்கு என்று நினைத்து, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். மறுபடி போட்டேன். அதே இடம், அதே கரகரப்பு. கடைக்காரர் பதியும்போது பக்கத்தில் ரேடியோ ஓடியிருக்கிறது என்று முடிவு செய்து, மறுநாள் காலையில் கடை திறக்கும்போதே போய் நின்றேன். இருபது ரூபாய்க்கு என்ன பேச்சு பேசினேன் என்று இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அந்த அண்ணன் பதிலே சொல்லவில்லை. கேசட்டைப் போட்டு, ஸ்டூலைத் தள்ளி, "உக்காரு தம்பி, ஒரு நிமிஷம்" என்றார். கரகரப்பு வந்தது. மெலிசாக ஒரு கிடார், பழைய டிரான்சிஸ்டரில் கேட்கிற மாதிரி. பிறகு பக்கத்தில் யாரோ இருமுகிற சத்தம். அடுத்து, அந்த டிரான்சிஸ்டர் இருக்கும் அறையிலேயே ஒருவர் உட்கார்ந்து, கூடச் சேர்ந்து வாசிக்கிற மாதிரி முழுசாக இன்னொரு கிடார் வந்து விழுந்தது. குழுவின் கிடார்காரர் டேவிட் கில்மோர். என் காதுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தார் என்றே சொல்வேன். அண்ணன் என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை, அடுத்த கஸ்டமரைக் கவனிக்கப் போய்விட்டார்.

அந்த ஆல்பமே வராமல் போன ஒருவரைப் பற்றியதுதான். குழுவை ஆரம்பித்தவர்களில் ஒருவரான சிட் பேரட், மனநிலை சரியில்லாமல் 1968லேயே வெளியேறியவர். 1975 ஜூனில், லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவில் அவரைப் பற்றிய பாட்டுக்கே வேலை நடந்துகொண்டிருந்தபோது, தலையும் புருவமும் மழித்த ஒரு பருத்த மனிதர் உள்ளே வந்து நின்றிருக்கிறார். அது சிட் பேரட்தான் என்று கூட வாசித்தவர்களுக்கே கொஞ்ச நேரம் அடையாளம் தெரியவில்லை. இதைத் தெரிந்துகொண்டு அந்த எட்டரை நிமிடத்தை மறுபடி கேட்டுப் பாருங்கள்.

இதற்கு லெட் செப்பலின் என்ற இன்னொரு ராக் குழுவின் கட்சிக்காரர்கள் 'தூங்க வைக்கிற இசை' என்பார்கள். சொல்லட்டும். நானும் செப்பலின் கேட்டவன்தான், சமையல் செய்யும்போது இன்றும் அதுதான் ஓடும். பிங்க் ஃப்ளாய்டின் 'த வால்' ஆல்பத்தைத்தான் உச்சம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இரண்டு இசைத்தட்டில் ஒன்றேகால் போதும், மிச்சம் குழுவின் பாடலாசிரியர் ரோஜர் வாட்டர்ஸ் தனக்குத் தானே பேசிக்கொள்வது. 1977இல் வந்த அனிமல்ஸ் ஆல்பத்தை ஏன் பலர் தாண்டிப் போகிறார்கள் என்றுதான் புரியவில்லை. அதில் டாக்ஸ் பாட்டு பதினேழு நிமிடம். ஒரு நிமிடம்கூட வெட்ட முடியாது.

அந்தக் கேசட் இப்போது இல்லை. ஊரில் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது என் இரண்டு அட்டைப்பெட்டிகளையும் அண்ணன் (கூடப் பிறந்தவர்) பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார். ஒரு போன் செய்து கேட்டிருக்கலாம். மாடி ஒழுகுகிறது, உன் பங்கு இவ்வளவு என்று சொல்ல மட்டும் ராத்திரி பதினொரு மணிக்கும் போன் வரும். அவருடைய பத்தாம் வகுப்பு நோட்டுகள் இன்றுவரை பரணில் பத்திரமாக இருக்கின்றன. சரி, அதை விடுங்கள்.

இன்று ராத்திரி ஹெட்போனில், வரிசை மாற்றாமல், விஷ் யூ வேர் ஹியர் கேளுங்கள். நாற்பத்து நாலு நிமிடம்தான். வெல்கம் டு த மெஷின் பாட்டு முடியும்போது ஏதோ விருந்துக் கூட்டத்தின் சிரிப்பும் பேச்சும் கேட்கும். உங்களுக்கு அதோடு முதல் பக்கம் தீர்ந்துவிடும். எனக்கு இன்னும் தீரவில்லை. டேப் வீணாகக் கூடாதென்று அந்த ரெக்கார்டிங் சென்டர் அண்ணன் மிச்ச இடத்தில் இரண்டு தமிழ் சினிமாப் பாட்டு பதிந்திருந்தார். அந்தச் சிரிப்பு அடங்கியதும் எனக்கு இன்றும் தவில் கேட்கும்.