இருபது பேருக்குத் திறக்கும் காடு: வாசகர் கேள்வி – பதில்

ஐரோப்பாவில் வாழும் பிள்ளைகளோடும் உடன்பிறப்புகளோடும் விடுமுறையைக் கழிக்கப் புறப்படும் வாசகர்கள் சிலர், ஸ்பெயினின் மலைக்கிராமங்களைப் பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். இம்முறை பகுதி முழுவதையும் அக்கேள்விகளுக்கே ஒதுக்கியுள்ளோம்.

கேள்வி: பிரான்ஸிலுள்ள மகளின் குடும்பத்தார் ஒக்டோபரில் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் மலைப்பகுதியிலுள்ள மோவால் என்ற சின்னஞ்சிறு கிராமத்துக்கு என்னையும் அழைத்துச் செல்லவிருக்கிறார்கள். சுற்றிலும் காடுதானாம். எனக்கு 63 வயது. முழங்கால் வலியும் உண்டு. அங்கே நான் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?
— வாசகி ஒருவர், கல்லடி

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள், அம்மா. ஆனால் எவ்வளவு தூரம் நடப்பது, எங்கே அமர்ந்து பார்ப்பது என்பதை மகளோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மோவால், வடமேற்கு ஸ்பெயினில் கங்காஸ் தெல் நர்செயா என்ற சிறு நகரத்தின் ஆட்சிப் பரப்புக்குள் அடங்கிய ஊர். அஸ்தூரியாஸில் ஆண்டுதோறும் வழங்கப்படும் முன்மாதிரிக் கிராம விருது 2018 இல் இவ்வூருக்குக் கிடைத்தது. ஊருக்கு அப்பால் தொடங்கும் முனியெயோஸ் காடு ஸ்பெயினின் மிகப் பெரிய ஓக் மரக்காடுகளுள் ஒன்று. ஒரு காலத்தில் கடற்படைக் கப்பல்களுக்காக மரம் தறிக்கப்பட்ட அந்தக் காட்டை 2000 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. இன்று அதனுள் நாளொன்றுக்கு 20 பேருக்கு மட்டுமே அனுமதி உண்டு. அதையும் அஸ்தூரியாஸ் மாநில அரசின் இணையத்தளத்தில் முன்கூட்டியே பெற்றிருக்க வேண்டும். இலையுதிர் காலத்து நாட்கள் வெகு விரைவில் நிரம்பிவிடும் என்பதால், விமானச் சீட்டை வாங்கும் முன்னரே இந்த அனுமதிக்கு விண்ணப்பிக்கும்படி மகளிடம் சொல்லுங்கள். காட்டுக்குள் சுற்றி வரும் பாதை ஏறத்தாழ 20 கிலோமீற்றர் நீளமானது. கல்லும் வேரும் ஏற்றமுமாக நாள் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். அது உங்கள் முழங்காலுக்கு ஆகாது. மருமகனும் பேரப்பிள்ளைகளும் போகட்டும்.

நீங்கள் ஊரிலேயே இருங்கள். என் கணிப்பில் நல்ல பங்கு உங்களுக்குத்தான். அந்தப் பகுதி வீடுகளின் அருகே தரையைத் தொடாமல் கற்கால்களின் மேல் நிற்கும் மரக்களஞ்சியங்களைக் காண்பீர்கள். அவற்றை ஓரியோ என்பார்கள். ஒவ்வொரு காலின் உச்சியிலும் காலைவிட அகலமான தட்டைக்கல் ஒன்று வைக்கப்பட்டிருக்கும். கால் வழியே ஏறும் எலி அந்தக் கல்லின் அடிப்பக்கத்தோடு நின்றுவிடும். தானியம் சேமித்த இக்களஞ்சியங்கள் சிலவற்றில் இன்றும் வெங்காயமும் சோளக் கதிரும் கட்டித் தொங்குவதுண்டு. மலைச்சரிவுகளில் கொர்த்தீன் எனப்படும் கல்வளையங்கள் இருக்கின்றன. பெரிய கிணறொன்றின் கட்டு தரைக்கு மேலே எழுந்து நிற்பதைப் போன்ற வட்டச் சுவர் அது, ஆளுயரத்துக்கும் மேற்பட்டது. உச்சி வரிசைக் கற்கள் வெளிப்புறமாக நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே இருப்பவை தேன்கூட்டுப் பெட்டிகள். தேனுக்கு வரும் கரடி சுவரில் தொற்றி ஏறினாலும், நீட்டிய கற்களைத் தாண்ட முடியாமல் இறங்கிவிடும்.

ஒக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் கஷ்கொட்டைக் காய்கள் முள்ளோடு பாதையெங்கும் உதிர்ந்து கிடக்கும். அவற்றைக் கண்டவுடன் பொறுக்கத் தொடங்க வேண்டாம். மரங்களுக்குப் பெரும்பாலும் உரிமையாளர் உண்டு. கேட்டால் ஒரு பை நிறையவே தருவார்கள். ஒரே நாளில் போய்ப் படமெடுத்துத் திரும்பும் பயணத்தை நான் ஆதரிக்கமாட்டேன். மூன்று இரவாவது தங்கினால்தான் அங்குள்ளவர்கள் உங்களைப் பார்த்து வணக்கம் சொல்லத் தொடங்குவார்கள்.

கேள்வி: பாரிஸிலிருக்கும் தங்கையிடம் போகிறேன். அங்கிருந்து ஸ்பெயினுக்குச் செல்லத் தனி விசா வேண்டுமா?
— கல்முனை வாசகர்

பதில்: வேண்டாம். ஷெங்கன் விசா ஒன்றே இரு நாடுகளுக்கும் போதும். எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் விடயத்தில் அது பிரான்ஸ். பயணத்துக்கு ஆறு மாதங்கள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்களுக்கு முன்னராவது கொடுத்துவிட வேண்டும். 2024 ஜூன் முதல் வயதுவந்தவருக்கான கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ பெறுமதியான மருத்துவச் செலவை ஈடுசெய்யும் பயணக் காப்புறுதி அவசியம். தங்கை தமது நகரசபையில் பெறும் வரவேற்புச் சான்றிதழோடு, ஸ்பெயினில் தங்கும் நாட்களுக்கான விடுதிப் பதிவையும் சேர்த்துக் கொடுங்கள். பயணத் திட்டத்தில் ஸ்பெயின் என்று எழுதிவிட்டு அதற்குரிய பதிவை இணைக்காமல் விடுவது தேவையற்ற சந்தேகத்தை வரவழைக்கும்.

கேள்வி: இத்தகைய ஊர்களில் ஹலால் உணவு கிடைக்குமா? குடும்பத்தில் ஆறு பேர்.
— அக்கரைப்பற்று வாசகர்

பதில்: கிடைக்குமென்று எதிர்பார்க்க வேண்டாம். அஸ்தூரியாஸின் பெயர்பெற்ற அவரைக் குழம்பான ஃபபாதாவில் பன்றிக் கொழுப்பும் தொத்திறைச்சியும் சேரும். கீரைக் குழம்பென்று நம்பிக் கேட்கும் போத்தேயிலும் அதுவே. ‘இறைச்சி வேண்டாம்’ என்று சொன்னால், துண்டு துண்டாக நறுக்கிய பன்றித்தொடை இறைச்சியை இறைச்சியாகவே கணக்கில் எடுக்காமல் போட்டுத் தரும் சமையற்காரரும் இருக்கிறார்கள். ஆகவே ‘சின் கார்னே, சின் ஹமோன்’ என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். எங்கள் சைவ வாசகர்களுக்கும் இது பொருந்தும். உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்துச் செய்யும் தொர்த்தீயா எந்த ஊரிலும் கிடைக்கும். மீனும் ஓரளவு கிடைக்கும்.

ஆறு பேர் என்பதால் சமையலறையோடு கூடிய கிராமிய வீடொன்றை முழுமையாக வாடகைக்கு எடுப்பதே நல்லது. காசா ரூரால் என்று தேடினால் பல தென்படும். சாமான்களை மலையேறும் முன் நகரத்திலேயே வாங்கிவிடுங்கள். மிகச் சிறிய ஊர்களில் கடை இராது. பாண் விற்கும் வான் ஹோன் அடித்துக்கொண்டு வரும்போது வீட்டிலிருந்து இறங்கி வாங்குவார்கள். உணவகத்தில் மதிய உணவு இரண்டு மணிக்குத்தான், இராச்சாப்பாடு ஒன்பதுக்குத்தான். பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைகள் பசியென்று அழுதால் கையிலிருப்பதைத்தான் கொடுக்க வேண்டும்.

ஊரிலிருந்து எதைக் கொண்டுபோகலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இறைச்சியும் பாற்பொருட்களும் ஐரோப்பிய ஒன்றிய எல்லைக்குள் அனுமதிக்கப்படமாட்டா. தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் பச்சைக் கறிவேப்பிலையும் கொண்டுசெல்ல முடியாது. மிளகாய்த்தூளுக்குத் தடையில்லை. கருவாடு சொந்தப் பாவனைக்கு ஆளுக்கு 20 கிலோகிராம் வரை போகலாம் என்றே விதி சொல்கிறது. ஆனால் கற்சுவர் வீடுகள் நெருங்கி நிற்கும் ஊரில் அதைப் பொரிப்பது அயலவரின் பொறுமையைச் சோதிக்கும்.

கேள்வி: எங்கள் பக்கத்தில் பொழுது பட்டால் யானைக்குப் பயந்து வெளியே இறங்குவதில்லை. அந்தக் காட்டில் கரடியும் ஓநாயும் உண்டு என்கிறார்களே, பிள்ளைகளோடு நடக்கலாமா?
— உன்னிச்சை வாசகர்

பதில்: இரண்டும் உண்டு. பழுப்புக் கரடி வேட்டையினால் அழியும் நிலைக்கு வந்து, 1973 இல் சட்டப் பாதுகாப்புப் பெற்றது. இன்று அந்த மலைத்தொடரில் முந்நூறுக்கு மேற்பட்டவை வாழ்கின்றன. ஆனாலும் மனித வாசனை பட்டால் அவை விலகிப் போகும் இயல்புடையவை. பலர் பல நாள் நடந்தும் காலடித்தடத்தைத் தவிர எதையும் காண்பதில்லை. குட்டியைக் கண்டால் மட்டும் நெருங்காமல் வந்த வழியே திரும்புங்கள். ஓநாய் உங்களைக் கண்டால் அதுவே ஓடிவிடும்.

நீங்கள் உண்மையில் எச்சரிக்கையாக இருக்க வேண்டியது நாயைப் பற்றி. ஓநாயிடமிருந்து ஆட்டையும் மாட்டையும் காக்க மஸ்தீன் என்ற பெருநாய்களை மந்தையோடு விட்டிருப்பார்கள். மந்தையின் நடுவே நடந்து போகிறவரை அந்த நாய் விருந்தாளி என்று எண்ணாது. ஓடாமலும் கல்லெடுக்காமலும், மந்தையைத் தூரமாகச் சுற்றிக்கொண்டு போங்கள். அடுத்தது உண்ணி: நீளக் காற்சட்டை அணிந்து, மாலையில் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பையும் காதின் பின்புறத்தையும் பார்த்துவிடுங்கள். மூன்றாவது, கோடையின் காட்டுத்தீ. 2025 ஓகஸ்ட்டில் ஒரென்சே, சமோரா, லியோன் மாகாணங்களில் பெருந்தீ பரவி, கிராமத்தவர்கள் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. ஆகவே காட்டோரத்தில் நெருப்பு மூட்டவே வேண்டாம். அவசரத்துக்கு 112. பள்ளத்தாக்குகளில் கைத்தொலைபேசிச் சமிக்ஞை விட்டுவிட்டுத்தான் கிடைக்கும் என்பதால், எந்தப் பாதையால் போகிறீர்கள் என்பதை வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.

கேள்வி: வாகனம் இல்லாமல் போக முடியுமா?
— காரைதீவு வாசகி

பதில்: பாதி தூரம் முடியும். மட்ரிட்டிலிருந்து ஒவியேடோவுக்கு, 2023 நவம்பரில் திறக்கப்பட்ட புதிய சுரங்கவழிப் பாதையில் புகையிரதம் ஏறத்தாழ மூன்றரை மணித்தியாலத்துக்குள் செல்கிறது. அங்கிருந்து கங்காஸுக்குப் பேருந்து உண்டு. அதற்கு மேல் வாடகைக்காரை முன்பதிவு செய்வதே வழி. தாமே ஓட்டுகிறவர்கள் கொழும்பிலுள்ள மோட்டார் வாகனச் சங்கத்தில் பெறும் சர்வதேசச் சாரதி அனுமதிப்பத்திரத்தை, எமது அனுமதிப்பத்திரத்தோடு சேர்த்து வைத்திருக்க வேண்டும். வீதியின் வலப்பக்கத்தில் ஓட்டுவது சமதரையில் விரைவில் பழகிவிடும். ஒரு வாகனம் மட்டும் போகக்கூடிய மலை வளைவில் அவ்வாறல்ல.

கேள்வி: இத்தகைய ஊர்களில் ஆட்கள் இல்லாததால் குடியேற வருவோருக்கு வீடும் பணமும் இலவசமாகக் கொடுக்கிறார்களாம். முகவர் ஒருவர் முற்பணம் கேட்கிறார். மகனை அனுப்பலாமா?
— திருக்கோவில் வாசகர்

பதில்: முற்பணத்தைக் கொடுக்காதீர்கள். ஸ்பெயினின் உள்நாட்டுக் கிராமங்கள் வெறுமையாகி வருவது உண்மை. 2019 மார்ச் 31 அன்று அவ்வூர்களைச் சேர்ந்தோர் மட்ரிட்டில் திரண்டு பேரணி நடத்தியதும் அதனால்தான். மாணவர் தொகை குறைந்து பள்ளிக்கூடம் மூடப்படும் நிலையில், பிள்ளைகளுள்ள குடும்பம் வந்தால் குறைந்த வாடகைக்கு வீடு தருகிறோம், ஊர் மதுச்சாலையை நடத்தத் தருகிறோம் என்று சில நகரசபைகள் அறிவிப்பதும் உண்டு. ஆனால் அவ்வறிவிப்புகள் எவையும் விசா தருவதில்லை. ஸ்பெயினில் வசிக்கவும் வேலை செய்யவும் ஏற்கெனவே உரிமை பெற்றவர்களுக்கே அவை பயன்படும். சுற்றுலா விசாவில் சென்றவர் 180 நாட்களுக்குள் 90 நாட்களே தங்கலாம்; அங்கே தொழில் செய்ய முடியாது. முகவர் காட்டும் அறிவிப்பில் எந்த நகரசபையின் பெயர் இருக்கிறதோ அதற்கே நேரடியாக மின்னஞ்சல் அனுப்பி, இலங்கைக் கடவுச்சீட்டை மட்டும் வைத்திருப்பவர் விண்ணப்பிக்கலாமா என்று கேளுங்கள். பதில் வரும் வரை மகனின் கடவுச்சீட்டு உங்கள் அலுமாரியிலேயே இருக்கட்டும்.