பொதிகை ஏற முடியுமா, அண்ணாச்சி? மலைநடை கேள்வி-பதில்

பாபநாசத்திலிருந்து பொதிகை உச்சிக்கு நடந்து போகலாமா? எங்கள் தாத்தா கன்னிகட்டி வழியாகப் போய் வந்ததாகச் சொல்லுவார். என் மனைவியும் வர ஆசைப்படுகிறாள். — விக்கிரமசிங்கபுரம் வாசகர்

தாத்தா கதை விடவில்லை. காரையாறு, பாணதீர்த்தம், இஞ்சிக்குழி, கன்னிகட்டி, தாமிரபரணி பிறக்கிற பூங்குளம் என்று ஒரு பழைய தடம் இருந்தது. அப்போதெல்லாம் கட்டுச்சோறும் கம்பும் இருந்தால் போதும். 1988-இல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் வந்தது. இப்போது அந்தத் தடம் காப்பகத்தின் உட்பகுதி, பொதுமக்களுக்கு அனுமதி கிடையாது. "எனக்குத் தெரிந்த காணிக்காரர் (இந்த மலையின் பழங்குடி) கூட்டிப்போவார்" என்று யாராவது சொன்னால் நம்பிப் போகாதீர்கள். பிடிபட்டால் உங்களுக்கு அபராதத்தோடு முடியலாம். அந்த மனிதருக்கோ காட்டில் பிழைப்பே போய்விடும்.

இன்று உச்சிக்கு உள்ள வழி கேரளத்திலிருந்துதான். திருவனந்தபுரம் போய், விதுரா வழியாகப் போனக்காடு. அங்கிருந்து வனத்துறை வழிகாட்டியோடு முதல் நாள் அதிருமலை முகாம் வரை நடை. மறுநாள் உச்சி ஏறி இறங்கவேண்டும், மூன்றாம் நாள் திரும்பலாம். ஜனவரியில் தொடங்கும் சில வாரங்கள்தான் சீசன். கேரள வனத்துறை இணையத்தில் முன்பதிவைத் திறந்ததுமே இடம் பறந்துவிடும். மருத்துவச் சான்றிதழ் கேட்பார்கள், பிளாஸ்டிக்கை உள்ளே விடமாட்டார்கள். கட்டுச்சோற்றை வாழை இலையில் கட்டுகிற பழக்கம் நம்மூரில் இன்னும் போகவில்லை, இங்கே அது கைகொடுக்கும்.

உயரம் 1,868 மீட்டர்தான். எண்ணைப் பார்த்து ஏமாறவேண்டாம். போனக்காட்டிலிருந்து வரிசையாக ஓடைகளைத் தாண்டவேண்டும். புல்வெளிக்கு வந்தால் நிழலே கிடையாது. அதற்கப்புறம் ஏழுமடக்குத்தேரி, முட்டிடிச்சான்தேரி. பெயரிலேயே விஷயம் இருக்கிறது: ஏறும்போது முழங்கால் மார்பில் இடிக்குமாம். (திசையன்விளைக்காரருக்குத் தேரி என்றால் செம்மணல் மேடு. மலையில் அதுவே ஏற்றம். களக்காட்டு மலையில் உள்ள செங்கல்தேரியும் இந்தத் தேரிதான்.) இரண்டாம் நாள் பொங்காலைப்பாறை தாண்டியதும் வழுக்குப் பாறை. கயிற்றைப் பிடித்துத்தான் ஏறவேண்டும். மேலே காற்று ஆளைத் தள்ளும். தென்றலைப் பற்றிப் பாடிய புலவர்கள் யாரும் அந்த உச்சியில் நின்றிருக்கமாட்டார்கள் என்பது என் சந்தேகம்.

மனைவி தாராளமாக வரலாம். முன்பு பெண்களை உச்சிக்கு விடாமல் இருந்தார்கள். 2018-இல் கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது, 2019 ஜனவரியிலிருந்து பெண்களும் ஏறுகிறார்கள். இரண்டு பேருமே இரண்டு மாதம் முன்பிருந்து நடந்து பழகுங்கள். வீட்டைச் சுற்றிச் சமதளத்தில் நடப்பது போதாது, முதுகில் ஐந்து கிலோ பையோடு படி ஏறி இறங்கவேண்டும். இறக்கத்தில்தான் முழங்கால் மாட்டிக்கொள்ளும்.

வயது 61. முழங்காலில் லேசான வலி உண்டு. கூட்டமில்லாத, சின்ன மலைநடை ஒன்று சொல்லுங்கள். — வள்ளியூர் வாசகி

திருக்குறுங்குடி மலை நம்பி கோவில், யோசிக்கவே வேண்டாம். அடிவாரத்தில் வனத்துறை சோதனைச்சாவடி இருக்கிறது, அங்கே சொல்லிவிட்டு ஏறலாம். கரடுமுரடான கல் பாதை, கூடவே நம்பியாறு. காலையில் ஏறினால் மதியத்துக்குள் இறங்கிவிடலாம். முடியாவிட்டால் ஜீப் உண்டு. ஆனால் அந்த ரோட்டில் ஜீப்பில் குலுங்குவதைவிட நடப்பதுதான் முழங்காலுக்குச் சுகம். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் மட்டும் போகாதீர்கள், கூட்டம் நெரியும்.

நம்பாடுவான் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஏகாதசி இரவில் நம்பியைப் பாடப் போனவரைப் பிரம்மராட்சசன் வழிமறித்தான். பாடிவிட்டுத் திரும்பி வருகிறேன் என்று சொல்லிப் போனவர், சொன்னபடியே வந்து நின்றார். இன்று அந்த நேரத்தில் போனால் முதலில் வனக்காவலர் மறிப்பார், தப்பினால் கரடி. இருட்டுவதற்கு முன்பே இறங்கிவிடுங்கள்.

அட்டைக்கு என்ன மருந்து? — கடையம் வாசகர்

புகையிலைத் தண்ணீர், சுண்ணாம்பு, உப்பு என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். காலுறையில் புகையிலைத் தண்ணீரைத் தடவினால் கொஞ்ச நேரம் தாங்கும். ஓடையில் இறங்கி ஏறினால் அதுவும் போச்சு. நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால் வரை தைத்த அட்டைக்காலுறைதான் என் கட்சி. கடித்துவிட்டால் உப்பையோ தீக்குச்சியையோ தேடாதீர்கள். அட்டை வயிற்றில் இருப்பதைக் கடிவாயிலேயே கக்கிவிடும். நகத்தை அதன் வாய்ப்பக்கம் கொடுத்து வழித்துத் தள்ளினால் போதும். இரத்தம் உறையாமல் இருக்க அது ஒன்றைச் செலுத்திவிடுவதால் நெடுநேரம் கசியும். பயப்படாமல் கழுவிவிட்டுத் துணியால் அழுத்திப் பிடியுங்கள். முதல் தடவை நான் கறுப்புக் கால்சட்டை போட்டுப் போய், அட்டை ஏறியதே தெரியாமல் பஸ்ஸில் வந்து இறங்கினேன். அதிலிருந்து வெளிர் நிறம்தான்.

நண்பர்கள் ஆறு பேர். காட்டுக்குள் கூடாரம் போட்டு ஒரு ராத்திரி தங்க ஆசை. யாரிடம் அனுமதி கேட்பது? — பாளையங்கோட்டை வாசகர்

கூடாரத்தை மறந்துவிடுங்கள், கிடைக்காது. நடைக்கு வழி இருக்கிறது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தது நினைவிருக்கும். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 தடங்களைத் திறந்தது. நம் பக்கத்துக்குக் காரையாறு–மூலக்கசம் தடம் அதில் இருக்கிறது. இணையத்தில் பதிவு செய்தால் உள்ளூர் வழிகாட்டி கூட வருவார், காலையில் போய் அன்றைக்கே திரும்பலாம். கோடையில் தீ பயத்தால் தடங்களை மூடிவிடுவார்கள், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு பேரும் பேசிக்கொண்டே நடக்காதீர்கள். பேச்சு ஓய்ந்தால்தான் கருமந்தி கிளையில் தாவுவதும் யானை மூங்கில் ஒடிப்பதும் காதில் விழும். இரண்டாவது சத்தம் கேட்டால் வழிகாட்டி என்ன சொல்கிறாரோ அதை மட்டும் செய்யுங்கள். போட்டோ அப்புறம்.

மாஞ்சோலையில் தேயிலைத் தோட்டத்துக்குள் இஷ்டம்போல் நடக்கலாமா? — மேலப்பாளையம் வாசகர்

முடியாது. மணிமுத்தாறு சோதனைச்சாவடியில் அனுமதி வாங்கினாலும் அது ரோட்டோடு சரி. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று போகிற அந்த ரோடே பார்க்கத் தகுந்ததுதான்.

மகள் சுவிட்சர்லாந்தில் இருக்கிறாள். ஆகஸ்ட்டில் செர்மாட்டில் ஐந்து ஏரி நடைக்குக் கூட்டிப்போகிறேன் என்கிறாள். எனக்குத் தாங்குமா? — அம்பாசமுத்திரம் வாசகி

தாங்கும் அம்மா. சுமார் 10 கிலோமீட்டர்தான். ரயிலும் கம்பிவடப் பெட்டியும் உங்களை பிளௌஹெர்ட் என்ற இடத்தில், 2,571 மீட்டரில் இறக்கிவிடும். அதாவது பொதிகை உச்சியைவிட 700 மீட்டர் மேலே போய்த்தான் நடக்கவே தொடங்குவீர்கள். முதல் அரைமணி மெதுவாக நடங்கள், மூச்சு பிடிபடும். எதிரே மாட்டர்ஹார்ன் சிகரம் நிற்கும்.

அங்கே வழி கேட்க ஆள் தேவையில்லை. மஞ்சள் பலகை இருந்தால் சாதாரண நடைபாதை. பாறையில் வெள்ளை-சிவப்பு-வெள்ளைப் பட்டை இருந்தால் மலைப்பாதை, கால் நிதானம் வேண்டும். வெள்ளை-நீலம்-வெள்ளை கண்டால் திரும்பிவிடுங்கள், அது கயிறு கட்டி ஏறுகிறவர்கள் பாடு. பலகையில் தூரத்துக்குப் பதில் நேரம் எழுதியிருக்கும். நிற்காமல் நடப்பவர் கணக்கு அது, நீங்கள் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். கோடையில் மதியத்துக்கு மேல் இடி மழை வரும், அதனால் காலையிலேயே கிளம்புங்கள். செருப்பு வேண்டாம். சேலை கட்டியே ஆகவேண்டும் என்றால் கணுக்காலுக்கு மேலே தூக்கிக் கட்டுங்கள்.

குற்றாலத்தில் செண்பகாதேவி அருவிக்கு மேலே போனால் தேனருவி வரை போகலாமாமே? ஜூலையில் சாரலோடு போக நினைக்கிறோம். — சங்கரன்கோவில் வாசகர்

தடை இருக்கிறது, போகாதீர்கள். தடையே இல்லாவிட்டாலும் சாரல் மாதத்தில் வேண்டாம் என்றுதான் சொல்லுவேன். நீங்கள் நிற்கிற இடத்தில் வெயில் அடிக்கும், மேலே எங்கோ பெய்த மழை பத்து நிமிஷத்தில் வந்து சேரும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படித்தான் ஒரு சிறுவனை வெள்ளம் இழுத்துப் போனது. கீழே அருவியில் குளிக்கும்போதும் தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். தெளிந்த தண்ணீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் சேர்ந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ துண்டையும் சோப்பையும் அப்படியே போட்டுவிட்டுக் கரையேறுங்கள்.