மன்னரின் நாட்டில் நீதிபதியாக இருப்பது

கேள்வி: ஆபிரிக்காவில் மன்னராட்சி நடக்கும் ஒரு நாட்டில் மூத்த நீதிபதியின் தொழில் வாழ்க்கை எப்படி இருக்கும்?

நான் இலங்கையில் சட்டத்தரணி. சட்டம் படிக்கும்போது எங்களுக்கு, ஒல்லாந்தர் விட்டுச்சென்ற உரோமன் டச்சுச் சட்டம் கட்டாயம். அந்தச் சட்டம் இன்றும் உயிரோடிருக்கும் நாடுகளைத் தேடினால் தென்னாபிரிக்காவையும் அதைச் சுற்றியுள்ள நாடுகளையும் விட்டால் அநேகமாக நாங்கள்தான். அப்படித்தான் சுவாசிலாந்தின் தீர்ப்புகளை வாசிக்கத் தொடங்கினேன். 2018இல் அந்நாட்டின் பெயர் எஸ்வாட்டினி என்று மாறியது. வாசித்தவற்றில் தோமஸ் மசுகு என்ற நீதிபதியின் கதையை என்னால் மறக்க முடியவில்லை.

முதலில் அந்த நாட்டைப் பற்றிக் கொஞ்சம். 1973இல் மன்னர் சொபுசா சுதந்திரத்தோடு வந்த அரசியலமைப்பைத் தூக்கி எறிந்துவிட்டு, சட்டமியற்றல், நிறைவேற்றல், நீதி ஆகிய மூன்று அதிகாரங்களையும் தானே எடுத்துக்கொண்டார். அவருடைய மகன் மூன்றாம் மஸ்வாட்டி 1986இல் முடிசூடினார். 2005இல் புதிய அரசியலமைப்பு வந்தது. அதன்படி நீதிபதிகளை நியமிப்பவர் மன்னர். அவருக்கு ஆலோசனை சொல்லும் நீதிச்சேவை ஆணைக்குழுவிலும் பெரும்பாலானோர் அவர் நியமித்தவர்கள். மன்னர் மீது வழக்குப் போட முடியாது. மிகவும் சின்ன நாடு என்பதால் அப்போது மேல்முறையீட்டு நீதிபதிகள் பலர் தென்னாபிரிக்காவிலிருந்து வந்தார்கள். 2002இல், ஊரை விட்டுத் துரத்தப்பட்ட மக்களின் வழக்கு உட்பட இரண்டு தீர்ப்புகளை ஏற்கமாட்டோம் என்று அரசாங்கம் சொன்னபோது, அப்படி வந்த ஆறு பேரும் ஒன்றாக ராஜினாமா செய்தார்கள். இரண்டு வருடம் அந்த நாட்டில் மேல்முறையீட்டு நீதிமன்றமே இயங்கவில்லை. வெளிநாட்டவர் என்பதால் அவர்கள் திரும்பிப் போக வீடு இருந்தது. மசுகு உள்ளூர்க்காரர்.

அவரிடம் வந்தது ஒரு மாட்டு வழக்கு. பொலிஸார் ஒருவருடைய மாடுகளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மன்னரின் உத்தரவு என்பது அவர்கள் பக்கத்து வாதம். மசுகு தன் தீர்ப்பில் எழுதியதன் சாரம் இது: அரசியலமைப்பில் கையொப்பமிட்டு மக்களுக்கு உரிமைகளைத் தந்த மன்னரே அதற்கு மாறாக நடப்பார், இரட்டை நாக்கோடு பேசுவார் என்று நம்புவது கடினம். ஆறுதலாக வாசித்துப் பாருங்கள். மன்னரின் சொல்லை நம்புகிற ஒருவர்தான் இப்படி எழுதுவார். ஆனால் 'இரட்டை நாக்கு' என்ற சொல்லை மட்டும் பிடுங்கியெடுத்து, மன்னரை அவமதித்தார் என்று 2011இல் அவர் மீது குற்றம் சாட்டினார்கள். வேறு குற்றச்சாட்டுகளும் இருந்தன, ஆனால் எல்லோர் வாயிலும் இருந்தது இதுதான். குற்றம் சாட்டியவர் அப்போதைய பிரதம நீதியரசர் மைக்கல் ரமொடிபேடி. விசாரித்த நீதிச்சேவை ஆணைக்குழுவின் தலைவரும் அவரே. மூடிய கதவுகளுக்குள் விசாரணை நடந்தது. செப்டெம்பரில் மன்னர் மசுகுவைப் பதவி நீக்கினார். அந்தப் பதவி நீக்கக் கடிதத்தில் கையொப்பமிட மறுத்த நீதி அமைச்சர் டேவிட் மட்சேக்கும் பதவி போனது. சட்டத்தரணிகள் மாதக்கணக்கில் நீதிமன்றங்களைப் புறக்கணித்தார்கள். ஒரு நீதிபதிக்காக அத்தனை பேர் தங்கள் பிழைப்பை நிறுத்தி வைத்தார்கள் என்பதை நினைக்கும்போது இப்போதும் எனக்கு மனம் நெகிழும்.

ரமொடிபேடி லெசோத்தோ நாட்டவர். அதுவும் மன்னராட்சிதான், ஆனால் அங்கே மன்னர் ஆள்வதில்லை. ஒரே காலத்தில் லெசோத்தோவின் மேல்முறையீட்டு நீதிமன்றத் தலைவராகவும் சுவாசிலாந்தின் பிரதம நீதியரசராகவும் இருந்தார். மன்னரை மறைமுகமாகச் சம்பந்தப்படுத்தும் வழக்கைக்கூட நீதிமன்றம் ஏற்கக்கூடாது என்று பணிப்புரை விடுத்ததும் அவரே. 2014இல் தன்னை விமர்சித்து எழுதிய பத்திரிகை ஆசிரியர் பெக்கி மக்குபுவையும் மனித உரிமைச் சட்டத்தரணி துலானி மசேக்கோவையும் கைது செய்யத் தானே பிடியாணை பிறப்பித்தார். நீதிமன்ற அவமதிப்புக்காக இருவருக்கும் இரண்டு வருடச் சிறை.

அதே வருடம், தன்னை விசாரிக்கக் குழு அமைக்கப்பட்டிருந்த நிலையில், அவர் லெசோத்தோப் பதவியை விட்டு விலகினார். 2015 ஏப்ரலில் சுவாசிலாந்தில், ஊழல் விசாரணையின் பேரில் அவருக்கே பிடியாணை வந்தது. ஐந்து வாரங்களுக்கு மேல் வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருந்தார். ஜூனில் மன்னர் அவரைப் பதவி நீக்கினார். அந்த மாதக் கடைசியில் மக்குபுவும் மசேக்கோவும் மேல்முறையீட்டில் விடுதலையானார்கள். அவர்களைச் சிறைக்கு அனுப்பிய தீர்ப்பை வழக்குத் தொடுநர் தரப்பே தாங்கிப் பேசவில்லை. ரமொடிபேடி போனதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவரை நீக்கியதும் மசுகுவை நீக்கிய அதே பேனாதான் என்பது என்னை இன்னும் உறுத்துகிறது.

துலானி மசேக்கோவை 2023 ஜனவரியில் அவருடைய வீட்டில், மனைவி பிள்ளைகள் கண் முன்னாலேயே சுட்டுக் கொன்றார்கள். நான் ஒருநாளும் சந்தித்திராத ஒரு சட்டத்தரணிக்காக அன்றிரவு நித்திரை வரவில்லை.

மசுகு பிறகு நமீபியாவின் உயர் நீதிமன்றத்தில் நீதிபதியானார். அந்நாட்டின் தலைநகர் வின்ட்ஹுக்கில் அவர் எழுதிய தீர்ப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நீங்கள் சட்ட மாணவர் என்றால் அவற்றுக்கு முன் அந்த மாட்டு வழக்குத் தீர்ப்பைத் தேடி வாசியுங்கள்.