வன்னியில் ஒரு சிறிய ஆய்வுகூடத்தில் இருந்துகொண்டு உயிரியல் பாதுகாப்பில், அதாவது ஆய்வுகூடக் கிருமிகளிடமிருந்து மனிதரைக் காப்பதில், உலகத் தரத் தேர்ச்சி பெற முடியுமா? சான்றிதழ் எடுத்தால் போதுமா?

முடியும். நான் வன்னியில் ஓர் அரச வைத்தியசாலையின் ஆய்வுகூடத்தில் பதினெட்டு ஆண்டுகளாகத் தொழில்நுட்பவியலாளராக இருக்கிறேன். சான்றிதழ் போதுமா என்று கேட்டிருக்கிறீர்களே, அதற்கு எனக்கு நடந்த ஒன்றைச் சொல்லித்தான் பதில் எழுத வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு, மாரி காலம். விடாத காய்ச்சலோடு வந்த ஒரு விவசாயியின் குருதியிலிருந்து கிருமி வளர்ந்திருந்தது. அவருக்கு நீரிழிவும் இருந்தது. சாயமிட்டுப் பார்த்தால் இளஞ்சிவப்புக் கோல்கள்; நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளான ஜென்டாமைசினுக்கும் அடங்கவில்லை, கொலிஸ்டினுக்கும் அடங்கவில்லை. வளர்ப்புத் தட்டின் மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனேன். எனக்குத் தொழில் பழக்கிய ஐயா அப்படித்தான் கிருமியை மணத்தால் இனங்காணச் சொல்லித் தந்திருந்தார். மழை விழுந்த வயலின் மண் மணம் வந்தது. மூன்றாம் நாள் தட்டிலிருந்த திட்டுகள் உலர்ந்து சுருக்கம் விழுந்திருந்தன. கொழும்புக்கு அனுப்பினோம். மெலியோய்டோசிஸ் என்ற பாக்டீரியாத் தொற்றுநோய் என்று பதில் வந்தது.

நம் வயல் மண்ணிலும் தேங்கிய நீரிலும் இருக்கும் கிருமிதான் அந்த நோயைத் தருவது. ஆய்வுகூடத்தில் அதை வளர்த்துவிட்டு முகர்ந்து பார்ப்பது, மூச்சோடு உள்ளே இழுப்பதற்குச் சமம். நோய் வராமல் தடுக்க எனக்கு 21 நாள் கோ-ட்ரைமொக்சசோல் மருந்து தந்தார்கள். காலையும் மாலையும் உடல் வெப்பத்தைப் பார்த்துக் கொப்பியில் குறித்தேன். நோய் வரவில்லை. ஆனால் தட்டைத் திறந்த அந்த நேரத்தில் என்னிடம் படிப்பும் இருந்தது, இரண்டு பயிற்சிப் பட்டறைச் சான்றிதழ்களும் இருந்தன. இல்லாதது ஒன்றுதான்: நான் வேலை செய்யும்போது என் கையைப் பார்த்து, “அப்படிச் செய்யாதே” என்று சொல்ல ஒருவர்.

உலகம் முழுவதும் இந்தத் துறை பட்டுத்தான் கற்றிருக்கிறது. 2003 செப்டெம்பரில் சிங்கப்பூரில் ஓர் ஆராய்ச்சி மாணவருக்கு சார்ஸ் தொற்றியது. அவர் சார்ஸ் வைரசில் வேலை செய்யவே இல்லை. வெஸ்ட் நைல் வைரசில்தான் செய்துகொண்டிருந்தார். மாதிரியில் சார்ஸ் வைரஸ் கலந்திருந்தது. 2019இல் சீனாவின் லான்சோ நகரில் ஒரு தடுப்பூசித் தொழிற்சாலை காலாவதியான கிருமிநீக்கியைப் பயன்படுத்தியதால் கால்நடைகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் புருசெல்லா என்ற கிருமி காற்றோடு வெளியேறி, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தொற்றியது. லான்சோவைப் பற்றி வாசித்த நாளிலிருந்து எங்கள் குளோரின் போத்தலின் திகதியைப் பார்க்காமல் நான் வேலை தொடங்குவதில்லை. கிளிநொச்சி வெயிலில் குளோரின் எவ்வளவு விரைவாக வீரியம் இழக்கும் என்பது நமக்குத் தெரியும். கலவையை அன்றன்று புதிதாகக் கலக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுகூட உயிரியல் பாதுகாப்புக் கைநூல் 1983இல் முதலில் வந்தது. 2020இல் வந்த நான்காம் பதிப்பு நம்மைப் போன்ற இடங்களுக்கு மிகவும் உதவுவது. கட்டடம் எந்த நிலை, கருவி என்ன விலை என்பதிலிருந்து பேச்சை எடுத்து, இந்த மாதிரியில், இந்த வேலையில், இந்தக் கையால் என்ன ஆபத்து வரும் என்று கேட்கச் சொல்கிறது. காசநோய்க் கிருமியையே எடுத்துக்கொள்ளுங்கள். சளியைக் கண்ணாடியில் பூசி நுணுக்குக்காட்டியில் பார்ப்பதை நல்ல காற்றோட்டமுள்ள மேசையில் செய்யலாம். அதே கிருமியை வளர்த்துப் பரிசோதிப்பதற்கு வேறு அறை, வேறு ஏற்பாடு, வேறு பயிற்சி வேண்டும். இந்த வேறுபாட்டைத் தன் ஆய்வுகூடத்தின் ஒவ்வொரு வேலைக்கும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவரையே நான் தேர்ச்சி பெற்றவர் என்பேன். கிருமி வெளியே வராதபடி காற்றை வடிகட்டும் பாதுகாப்புப் பெட்டி, ஆண்டுதோறும் பரிசோதித்துச் சான்றுபடுத்தாத ஒன்று, மூலையில் ஓடிக்கொண்டிருப்பதால் யாருக்கும் பயனில்லை. அது இருக்கிறது என்ற தைரியத்தில் கை கவனம் தப்பும், அவ்வளவுதான்.

இன்னொரு பகுதி உயிரியல் காவல். தமிழில் இரண்டையும் ‘பாதுகாப்பு’ என்றே சொல்லிவிடுகிறோம், அதனால் குழப்பம் வருகிறது. கிருமியிடமிருந்து மனிதரைக் காப்பது ஒன்று. கிருமி தவறான கைக்குப் போகாமல் காப்பது மற்றது. வன்னியில் பாதுகாப்பு என்றால் நம் நினைவுக்கு வருவது காவலரணும் சோதனைச் சாவடியும்தான். அதனாலோ என்னவோ, இதைப் பேசத் தொடங்கினாலே பலர் முகம் இறுகிவிடுகிறது. இங்கே கேட்பது மிகச் சாதாரணமான ஒழுங்கு: குளிர்சாதனப் பெட்டியில் எந்தக் கிருமி இருக்கிறது, எத்தனை குழாய், சாவி யாரிடம், எப்போது அழித்தோம், யார் கையெழுத்து. அன்று என் தட்டுகளை அழித்ததற்கு எந்தப் பதிவும் இல்லை. அமெரிக்காவில் மிகக் கடுமையான கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கும் கிருமி அது. எங்கள் பெட்டியில் பெயர் ஒட்டாமல் இருந்தது.

தேர்ச்சி என்றால் என்ன என்று எனக்கு உண்மையில் விளங்கியது சித்தியின் மகளால். அவள் முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் வேலை செய்தவள். ஒவ்வொரு காலையும் உணர்கருவியைச் சோதனைத் துண்டு ஒன்றின் மேல் பிடித்து, அது சரியாக ஒலிக்கிறதா என்று பார்த்த பிறகுதான் களத்துக்குள் கால் வைப்பார்கள். நீண்ட விடுப்பில் போய் வந்தால் மறுபடியும் பயிற்சி. துப்புரவு செய்த நிலத்தை இன்னொருவர் திரும்பச் சோதிப்பார். “பத்து வருசம் செய்தவளையும் சோதிப்பார்களா?” என்று கேட்டேன். “அக்கா, பத்து வருசம் செய்தவளைத்தான் கூடக் கவனிக்க வேண்டும். அவளுக்குப் பயம் விட்டுப் போயிருக்கும்” என்றாள். எந்தப் பட்டறையிலும் எனக்கு இப்படி ஒருவர் சொன்னதில்லை. அடுத்த கிழமையே எங்கள் ஆய்வுகூடத்தில் ஒரு சம்பவப் பதிவேடு வைக்க அனுமதி கேட்டேன். முதல் பக்கத்தில் என் தட்டுக் கதையை, என் பெயர் போட்டு, நானே எழுதினேன். பெரியவர் எழுதினால்தான் புதிதாக வந்த பிள்ளைகளும் ஊசி குத்தியதை மறைக்காமல் எழுதுவார்கள். சம்பவத்தை எழுதியவருக்குத் தண்டனை கொடுக்கும் இடத்தில் ஒருவரும் எழுதமாட்டார்கள்.

சான்றிதழ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உயிரியல் பாதுகாப்புச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு தேர்வு வைத்துச் சான்றளிக்கிறது. உயிரியல் ஆபத்து முகாமையில் தொடங்கி, கழிவு அகற்றல், உயிரியல் காவல் போன்ற தனிப்பிரிவுகளுக்குப் போகலாம். ஆய்வுகூட உயிரியல் ஆபத்து முகாமைக்கென 2019இல் வந்த ஐ.எஸ்.ஓ. 35001 என்ற சர்வதேசத் தரத்தையும் படித்து வையுங்கள். ஆனால் முதலில் உலக சுகாதார நிறுவனக் கைநூலையும் அதோடு வந்த ஏழு துணை நூல்களையும் இறக்கிக்கொள்ளுங்கள், எல்லாம் இலவசம். ஆபத்து மதிப்பீட்டுக்கான துணை நூலை எடுத்து, உங்கள் மேசையில் தினமும் நடக்கும் ஒரே ஒரு வேலைக்கு அதை எழுதிப் பாருங்கள். சளி மாதிரி பெறுவது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் நின்றால் என்ன, குழாய் உடைந்தால் என்ன, துப்புரவுத் தொழிலாளிக்கு என்ன ஆகும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். துப்புரவுத் தொழிலாளியைப் பயிற்சிக்கு அழைக்காத ஆய்வுகூடங்கள் ஏராளம். ஊசி அவர் கையிலும் குத்துகிறது. இது எனக்குத் தீராத ஆதங்கம். இவற்றைச் செய்து ஓராண்டு கழித்துத் தேர்வு எழுதுங்கள். அப்போது கேள்விகள் உங்களுக்கு அந்நியமாக இருக்காது.

கடைசியாக, செலவில்லாத பயிற்சி ஒன்று. பீட்ரூட் சாறு கலந்த நீரைச் சோதனைக் குழாயில் நிரப்பி, முன்னறிவிப்பில்லாமல் மேசையில் கொட்டச் செய்வோம். பொறுப்பில் இருப்பவர் மற்றவர்களை விலக்கி, கையுறை மாற்றி, உறிஞ்சும் துணி போட்டு, விளிம்பிலிருந்து நடுவை நோக்கிக் கிருமிநீக்கி ஊற்றி, குறித்த நேரம் காத்திருந்து துடைக்க வேண்டும். ஒருவர் அருகில் நின்று, ஒன்றும் பேசாமல், பார்த்ததை எழுதுவார். முதல் முறை கதவுக் கைப்பிடியிலும் தொலைபேசியிலும் சிவப்பு இருந்தது. இரண்டாம் முறை கைப்பிடி சுத்தம், ஆனால் சப்பாத்தின் அடியில் ஒட்டி நடைபாதைவரை போயிருந்தது. மூன்றாம் முறையை வரும் வெள்ளிக்கிழமை வைத்திருக்கிறோம். இம்முறை துடைக்கப்போவது நான். பக்கத்தில் நின்று எழுதப்போவது போன மாதம் சேர்ந்த புதுக்குடியிருப்புப் பிள்ளை.