மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்குச் சேர்க்கை கிடைத்துவிட்டது, வகுப்பில் என்ன செய்வது?

எங்கள் தொடக்கப்பள்ளியில் சாய்தளம் கட்டியும், சக்கர நாற்காலியில் வரும் மாணவியை இரண்டு பேர் தூக்கித்தான் ஏற்றுகிறோம். என்ன தவறு? (தலைமையாசிரியர்)

பெரும்பாலும் நீளம்தான். சாய்வு 1:12 இருக்க வேண்டும். ஓர் அங்குலம் ஏற ஓர் அடி ஓட்டம். வராந்தாவுக்கு 15 செ.மீ. உயரத்தில் மூன்று படி என்றால் மொத்தம் 45 செ.மீ., அதற்குச் சாய்தளம் 5.4 மீட்டர், கிட்டத்தட்ட 18 அடி. கொத்தனார் படியகலத்தைப் பார்த்து 7 அடியில் முடித்துவிட்டால் அது பைக் ஏற்றத்தான் உதவும். இடம் போதாவிட்டால் சுவரை ஒட்டி 'ட' வடிவில் திருப்புங்கள். திருப்பத்திலும், மேலே கதவுக்கு முன்னும் 1.5 மீட்டர் சமதளம் விடுங்கள். இல்லாவிட்டால் கதவைத் திறக்கக் கையை எடுத்ததும் நாற்காலி பின்னால் உருளும். அகலம் குறைந்தது 1.2 மீட்டர். மேற்பரப்பை வழவழவென்று தேய்க்காமல், சிமெண்ட் ஈரமாக இருக்கும்போதே துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுக்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் அருமை தெரியும்.

கழிப்பறையையும் பாருங்கள். கதவு திறந்த பின் 90 செ.மீ. இடைவெளி வேண்டும், கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். அதற்குள் துடைப்பமும் உடைந்த பெஞ்சும் அடுக்கியிருந்தால் முதல் வேலை அவற்றை எடுப்பது. கழிப்பறைக்குப் போக முடியாது என்பதற்காகக் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பிள்ளைகள் உண்டு.

நான்காம் வகுப்பு மாணவன் காதொலிக் கருவி போட்டிருக்கிறான். ஆனாலும் சொன்னது காதில் விழவில்லை. கருவி சரியில்லையா, கவனம் இல்லையா? (ஆசிரியை)

கவனத்தைக் குறை சொல்லுமுன் காலையில் ஒரு நிமிடச் சோதனை. வாயைத் தாளால் மறைத்து, ஒரு மீட்டர் தள்ளி நின்று 'ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ்' என்ற ஆறு ஒலிகளையும் வரிசை மாற்றிச் சொல்லுங்கள், அவன் திருப்பிச் சொல்லட்டும். நேற்று சொன்னதை இன்று சொல்லாவிட்டால் கருவியைப் பாருங்கள். காதுக்குப் பின்னால் மாட்டும் கருவிகளில் பொதுவாக 13ஆம் எண் (ஆரஞ்சு ஒட்டு), அதிகத் திறனுள்ளவற்றில் 675 (நீல ஒட்டு) பேட்டரி இருக்கும். ஒட்டை உரித்ததும் உடனே போடாமல் ஒரு நிமிடம் காற்றுப்பட விட வேண்டும். பேட்டரி நன்றாக இருந்தால் அடுத்த சந்தேகம், காதுக்குள் பொருந்தும் அச்சின் துளை: காதழுக்கோ, தலைக்குத் தேய்த்த தேங்காய் எண்ணெயோ அடைத்திருக்கும். அச்சைக் கருவியிலிருந்து கழற்றிக் கழுவி, நன்றாக உலர்ந்த பிறகே மாட்ட வேண்டும். 'கீ' என்று விசிலடித்தால் பையன் வளர்ந்து அச்சு சிறியதாகிவிட்டது என்று பெற்றோரிடம் சொல்லுங்கள்.

கருவி சத்தத்தைக் கூட்டும். மின்விசிறியின் சத்தத்தையும் சேர்த்தே கூட்டும். அதனால் விசிறிக்கு நேர் கீழேயும் சாலைப்பக்க ஜன்னலோரமும் வேண்டாம். முதல் பெஞ்சைவிட இரண்டாம் வரிசையின் ஓரம் நல்லது, பதில் சொல்லும் மற்ற பிள்ளைகளின் முகமும் தெரியும். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசாதீர்கள். கத்தவும் வேண்டாம், உதட்டு அசைவு குலைந்துவிடும். 'பணம்', 'மணம்' இரண்டும் உதட்டில் ஒன்றுபோலவே தெரியும். ஆகவே சொல்வதை எழுதுதலில் தனிச் சொல்லாகத் தராமல் 'பூவின் மணம்' என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

தனியார் பள்ளி 'எங்களிடம் சிறப்பாசிரியர் இல்லை' என்று மாற்றுத்திறனாளியான என் பிள்ளையைச் சேர்க்க மறுக்கிறது. (தாய்)

அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி எதுவானாலும் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும் என்பதே மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, 16ஆவது பிரிவு சொல்வது. விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். பல இடங்களில் பேச்சு அங்கேயே மாறும். மாறாவிட்டால் அந்தத் தாள்களுடன் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் தரலாம்.

ஏழாம் வகுப்பு மகன் கேட்டால் எல்லாம் சொல்கிறான், எழுதினால் 'கொடி' 'காடி' ஆகிறது. தினம் 50 முறை இம்போசிஷன். (தந்தை)

முதலில் இம்போசிஷனை நிறுத்தச் சொல்லுங்கள். பார்த்து எழுதும்போது கைதான் நகர்கிறது, ஒலிக்கும் எழுத்துக்கும் முடிச்சு விழுவதில்லை. 'கொ' என்பதில் வாய் முதலில் சொல்வது 'க்', கை முதலில் எழுதுவதோ ஒற்றைக்கொம்பு. கடைசியில் ஒரு கால் வேறு. இந்த முன்பின் குழப்பம் கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்தும். காலுக்கு ஒரு நிறம், கொம்புக்கு ஒரு நிறம் என்று அட்டைகள் வெட்டி, நடுவில் க, ம, ப மட்டும் மாற்றி மாற்றி வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். தினம் 10 நிமிடம் போதும். ல/ள/ழ, ன/ண/ந எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் ஆரம்பிக்காதீர்கள்.

'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' (டிஸ்லெக்சியா போன்றவை) 2016 சட்டம் சொல்லும் 21 வகைக் குறைபாடுகளில் ஒன்று. சான்றிதழ் இருந்தால் 10ஆம் வகுப்புப் பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவரும் கூடுதலாக 1 மணி நேரமும் கேட்கலாம். தலைமையாசிரியர் வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் எழுதுபவரைத் தேர்வன்று முதன்முதலாகச் சந்தித்தால் பயனில்லை. 'அடுத்த பத்தி', 'அதை அடித்துவிடுங்கள்' என்று சொல்வதும் ஒரு பழக்கம். காலாண்டுத் தேர்விலிருந்தே தொடங்குங்கள்.

அறிவுசார் குறைபாடுள்ள சிறுவனுக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்கு எப்படி? இப்போது வண்ணம் தீட்டக் கொடுத்து உட்கார வைத்திருக்கிறோம். (ஆசிரியர்)

அதே கணக்கையே கொடுங்கள், வேறு வழியில். மற்றவர்கள் 47ஐ 5ஆல் வகுக்கும்போது அவன் 47 புளியங்கொட்டையை ஐந்தைந்தாகக் குவிக்கட்டும். ஒன்பது குவியல், மீதி இரண்டு. விடையை அவனிடம் கேட்டு வகுப்பே சரிபார்க்கட்டும். 47 அதிகமென்றால் 12இல் தொடங்குங்கள்.

வகுப்பில் வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்து கொடுக்கலாமா? (சத்துணவு அமைப்பாளர்)

வேண்டாம். இரும்புக்கும் வலிப்புக்கும் சம்பந்தமில்லை. கை காலை அழுத்திப் பிடிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். பெஞ்சுகளைத் தள்ளிவிட்டு, தலைக்கடியில் பையோ துண்டோ வைத்து, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சட்டைக் கழுத்துப் பொத்தானைக் கழற்றுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினாலோ, நின்று மறுபடி வந்தாலோ, இதுவே முதல் முறை என்றாலோ 108. முழு நினைவு வரும்வரை தண்ணீர்கூடத் தர வேண்டாம்.